முப்பது வருஷம் மாறாத ஆண்டு: ஒரு பைன் மர ஷில்லிங்கை விசாரித்த கதை

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் காகித உறை ஒன்றை எடுத்து எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மாசசூசெட்ஸுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் பாஸ்டன் தெருக்களில் சுற்றிப் பழைய கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அதன் தொடர்ச்சியாகக் காலனிக் காலத்துக் காசுகளில் இறங்கிவிட்டார்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க. 1652இல் பாஸ்டனில் அடிச்ச காசுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. நிஜந்தானா?"

உறைமேல் பென்சிலால் 'பைன் மர ஷில்லிங், 1652' என்று எழுதியிருந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். விற்றவர் யாரென்பது இங்கே முக்கியமில்லை. காசை ஓரத்தில் பிடித்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மெலிந்த மரம், அதைச் சுற்றி மணிவளையம், வளையத்துக்கு வெளியே 'மசாதுசெட்ஸ் இன்' என்ற எழுத்துகள். மறுபக்கம் நடுவில் 1652, அதன் கீழே ரோமன் எண்ணில் பன்னிரண்டு (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி), சுற்றிலும் 'நியூ இங்கிலாந்து' என்பதும் 'ஆண்டவரின் ஆண்டு' என்பதற்கான லத்தீன் சுருக்கமும்.

அவர் கேட்டது ஒரு கேள்விதான் என்றாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருந்தன. காசு அசலா? எப்போது அடித்தது? அதன்மேல் ஏன் 1652 என்று இருக்கிறது? முதல் இரண்டுக்கும் அன்றைக்கே மேசைமேல் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதுக்குத்தான் பல வாரங்கள் செலவாயின. அமெரிக்கக் காலனிக் காசுகளைச் சேகரிக்கிற யாரும் என்றாவது அந்தக் கேள்வியில் முட்டி நிற்கத்தான் வேண்டும் என்பதால் அந்த விசாரணையை முழுதாக எழுதிவைக்கிறேன்.

மேசைமேல் நடந்தது

முதலில் எடை. நகைக்கடைகளில் வைத்திருப்பதுபோன்ற சின்ன மின்தராசு ஒன்று என்னிடம் உண்டு, கிராமில் நூற்றில் ஒரு பங்குவரை காட்டும். காசு 4.41 கிராம் இருந்தது. மாசசூசெட்ஸ் சட்டப்படி ஒரு ஷில்லிங்கின் எடை 72 கிரெயின், அதாவது சுமார் 4.67 கிராம். கால் கிராமுக்குச் சற்றுமேல் குறைகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மரத்தின் இடப்பக்கம் மேலே இரண்டு எழுத்துகளின் தலை இல்லை. தேய்ந்தால் எழுத்து மழுங்கும். இங்கே மழுங்கவில்லை, யாரோ கத்தரியால் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளிக் காசின் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கிச் சேர்த்து உருக்கி விற்பது பெரிய திருட்டுத் தொழில். வெட்டின விளிம்பும் மற்ற இடத்தைப்போலவே கறுத்து வழவழப்பாகியிருந்தது. அப்படியானால் வெட்டு நடந்தும் நெடுங்காலம் ஆகிறது. எனக்கு இது நல்ல அறிகுறியாகவே பட்டது.

அப்புறம் அடர்த்தி. இதற்கு ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு நூலும் போதும். கிண்ணத்தைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. 0.43 கிராம் வந்தது. 4.41ஐ 0.43ஆல் வகுத்தால் 10.26. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உள்ள ஸ்டெர்லிங்குக்கு 10.3ஐ ஒட்டி வரும். இவ்வளவு சின்னக் காசில் தராசின் கடைசி இலக்கம் ஒன்று முன்பின் ஆனாலே விடை 10.0இலிருந்து 10.5வரை நகரும், அதனால் ஒரே அளவை நம்பாமல் மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் வெள்ளியின் எல்லைக்குள்தான் வந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த நினைவுப்பொருள் காசு இதில் உடனே மாட்டிக்கொள்ளும். சுற்றுலா இடங்களில் அந்த மாதிரிக் காசுகள் பல வருஷம் விற்றன. 1973இல் வந்த சட்டம், போலியாகச் செய்த பழங்காசில் 'நகல்' என்ற பொருள்படும் சொல்லைப் பதிக்கவேண்டும் என்று சொன்னது. அதற்கு முந்தியவற்றில் அந்தச் சொல் இருக்காது.

வெள்ளியாக இருந்தால் மட்டும் அசலாகிவிடாது. 1850களில் நியூயார்க்கில் தாமஸ் வயட் என்பவர் மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் புதிதாக அச்சு வெட்டி வெள்ளியிலேயே அடித்து, செல்சீ என்ற ஊரில் புதையலாகக் கிடைத்தவை என்ற கதையோடு விற்றார். அதில் ஏமாந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆகவே கடைசிச் சோதனை எப்போதும் அச்சுதான். இந்தக் காசுகளைப் பாஸ்டனில் அடித்தவர் ஜான் ஹல். அவர் பட்டறையில் ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டியது, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. மரத்தின் கிளை எத்தனை, எந்த எழுத்து வளையத்தின் எந்த மணிக்கு நேராக நிற்கிறது, எந்த எழுத்து சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அச்சின் கைரேகை. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சிட்னி நோ 1943 முதல் 1952 வரை மூன்று பகுதிகளாக இந்த அச்சுகளை வரிசைப்படுத்தி எண் கொடுத்தார். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் 'நோ எண் என்ன?' என்றுதான் கேட்கிறார்கள். நண்பரின் காசை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போனோம். இரவு பதினொரு மணிக்கு இரண்டு எண்களில் வந்து நின்றோம். இரண்டும் அசல் அச்சுகள்.

காசு அசல்தான் என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். ஆனால் அதற்கு அடுத்ததையும் சொல்லவேண்டியிருந்தது. "தம்பி, காசு அசல். ஆனா 1652இல் அடிச்சது இல்லை. 1675க்கும் 1682க்கும் நடுவில் அடிச்சது."

"அப்ப அதுமேல 1652ன்னு பொய்யாவா போட்டிருக்காங்க?"

பட்டறையின் கதை

1640களில் பாஸ்டனில் காசுப் பஞ்சம். ஆங்கிலேய நாணயத்தைக் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்ய இங்கிலாந்து விடவில்லை. குடியேறியவர்கள் கொண்டுவந்த கொஞ்சநஞ்சமும் துணிக்கும் இரும்புக்குமாகக் கப்பலேறித் திரும்பப் போய்விட்டது. 1635இல் துப்பாக்கிக் குண்டு ஒன்று கால் பென்னிக்குச் செல்லும் என்று உத்தரவே போட்டார்கள். பூர்வகுடி மக்கள் சிப்பியில் கடைந்த வாம்பம் மணிகள் 1661 வரை சட்டப்படியே செல்லுபடியாயின. இவற்றோடு மேற்கிந்தியத் தீவு வணிகத்தில் மீனுக்கும் மரத்துக்கும் விலையாக வந்த ஸ்பானிய வெள்ளியும் இருந்தது. அதுவும் நம்பமுடியாததாகிவிட்டது. இன்றைய பொலிவியாவில் உள்ள பொடோசி நாணயச்சாலையில் அதிகாரிகளே கலப்படம் செய்து பிடிபட்டு, அதற்காக மரண தண்டனை வாங்கியதும் இந்தச் சமயத்தில்தான். கள்ளக்காசு மலிந்து வியாபாரமே முடங்கியதால் நாணயச்சாலை வைத்தார்கள் என்று ஜான் ஹல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஹல் பாஸ்டனில் வெள்ளி வேலை செய்தவர். 1652 மே மாதம் மாசசூசெட்ஸின் பொது மன்றம் (பழைய ஆவணங்களில் அதற்குப் பொது நீதிமன்றம் என்று பெயர், செய்ததெல்லாம் சட்டமன்ற வேலை) காசு அடிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அவர் தம் நண்பர் ராபர்ட் சாண்டர்சனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். பதினாறடிக்குப் பதினாறடியில் ஒரு சின்னக் கட்டடம். வெள்ளி வைத்திருந்த யாரும் கொண்டுபோய்க் கொடுத்துக் காசாக வாங்கிவரலாம்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு, அதை நான் மிகவும் ரசிக்கிறேன். வெள்ளியின் தரத்தில் கைவைக்கவில்லை, இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் தரமேதான். எடையை மட்டும் குறைத்தார்கள். இங்கிலாந்து ஷில்லிங் கிட்டத்தட்ட 93 கிரெயின், பாஸ்டன் ஷில்லிங் 72. ஷில்லிங்குக்கு இரண்டு பென்னி அளவுதான் மதிப்பு குறைவு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டால் குறைவு 22 சதவீதத்துக்கும் மேல், இரண்டரைப் பென்னியைத் தாண்டுகிறது. கைப்பிசகு என்று இதை நான் நினைக்கவில்லை. லண்டன் வியாபாரி இந்தக் காசை எடைக்குத்தான் வாங்குவார், அவரிடம் கொடுத்தால் நஷ்டம். பாஸ்டனில் எண்ணிக்கைக்கு வாங்குவார்கள். அதனால் காசு ஊரிலேயே தங்கும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

முதலில் வந்த காசு மிக எளியது. வெறும் வெள்ளி வட்டத்தில் ஒரு பக்கம் நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மறுபக்கம் மதிப்பைக் காட்டும் ரோமன் எண், இரண்டும் ஓரமாகச் சின்ன முத்திரைகளாக. நடுவெல்லாம் மொட்டை. சுற்றிலும் எதுவும் இல்லாததால் நறுக்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சில மாதங்களிலேயே, அக்டோபர் 1652இல், நறுக்குவதைத் தடுக்கப் புதிய உத்தரவு வந்தது. இரு பக்கமும் இரட்டை வளையம், ஒரு பக்கம் நடுவில் ஒரு மரமும் மாசசூசெட்ஸ் என்ற பெயரும், மறுபக்கம் நியூ இங்கிலாந்து என்ற பெயரும் ஆண்டும். என்ன மரம் என்று உத்தரவில் இல்லை. வில்லோ, ஓக், பைன் என்ற பெயர்களெல்லாம் பின்னாளில் சேகரிப்பாளர்கள் வைத்தவை. வில்லோ என்கிறோமே, அது எந்த மரத்தைப்போலவும் இருக்காது. கோடுகள் சுருண்டு கிடக்கும். அடிக்கும்போது காசு நகர்ந்து நகர்ந்து உரு இரட்டித்துவிட்டது.

வில்லோ காசுகள் சுமார் 1653 முதல் 1660 வரை. ஓக் 1660 முதல் 1667 வரை. பைன் 1667 முதல் 1682 வரை. பைனிலும் முதலில் வந்தவை அகலமான மெல்லிய வில்லையில் (உரு பதிக்குமுன் இருக்கும் வெறும் வெள்ளி வட்டத்தில்) அடித்தவை, பின்னால் வந்தவை சிறிய தடித்த வில்லையில் அடித்தவை. ஹல்லின் ஒப்பந்தம் 1675இல் ஏழு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டதை ஒட்டி இந்த மாற்றம் வந்ததாகவும், அப்போது திருகு அச்சு எந்திரத்துக்கு மாறியதாகவும் கொள்கிறார்கள். நண்பரின் காசு 24 மில்லிமீட்டர் சொச்சம், தடிமனானது, கடைசி வகை. 1670களில் பட்டறைக்கு வெள்ளி வந்ததும் காசாகிப் போனதும் ஹல்லின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதனால் அடித்த காலத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லை.

1652 என்ற எண் மட்டும் வில்லோவிலும் ஓக்கிலும் இரண்டு வகைப் பைனிலும் மாறாமல் அப்படியே நிற்கிறது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1652இல் அடித்ததென்று தயங்காமல் சொல்லக்கூடியது அந்த மொட்டைக் காசுதான். அதில் ஆண்டே கிடையாது.

மன்னரை ஏமாற்றினார்கள் என்ற விளக்கம்

ஏன் 1652 என்று எந்தக் காசுக் கண்காட்சியில் கேட்டாலும் ஒரே பதில் வரும். காசு அடிப்பது மன்னரின் உரிமை. முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரியில் போயிற்று, 1660இல்தான் இரண்டாம் சார்லஸ் திரும்ப வந்தார். இடைப்பட்ட காலத்தில் மன்னரே இல்லை. ஆகவே '1652' என்று போட்டுவிட்டால், மன்னர் இல்லாத காலத்தில் அடித்தது, எவர் உரிமையையும் மீறவில்லை என்று சொல்லித் தப்பலாம்.

நானும் பல வருஷம் இதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நண்பரிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருபது வருஷம் கழிச்சும் காசு புதுசா பளபளன்னு வந்தா ராஜாவோட ஆளுங்களுக்குத் தெரியாதா அண்ணா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை மறுபடி ஆவணங்களுக்கு அனுப்பியது.

தெரிந்திருந்தது, நன்றாகவே தெரிந்திருந்தது. 1676இல் எட்வர்ட் ராண்டால்ஃப் என்ற அதிகாரி லண்டனிலிருந்து பாஸ்டனுக்கு வந்து காலனியின் குற்றங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அந்தப் பட்டியலில் நாணயச்சாலையும் உண்டு, மாறாத ஆண்டும் உண்டு. எல்லாக் காசிலும் 1652 என்றே போடுகிறார்கள், தங்களைத் தனிக் குடியரசாக ஆக்கிக்கொண்ட ஆண்டு அது என்பதாகப் போடுகிறார்கள் என்பது அவர் வாதம். இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். மன்னருக்குத் தெரியாமல் ஒளிக்கப் போட்ட எண் என்று நாம் சொல்கிறோம். மன்னரின் ஆளோ அதே எண்ணைத் துணிச்சலான ஒரு கொடியாகப் பார்க்கிறார். ஒளிப்பதற்காகப் போட்டிருந்தால் அந்த எண் தன் வேலையைச் செய்யவே இல்லை.

காலனியின் பதிலும் ஒளிவுமறைவு இல்லாதது. லண்டனுக்குப் போன அதன் பிரதிநிதிகள், வியாபாரம் நடக்கவேண்டிய நெருக்கடியில் 1652 வாக்கில் காசு அடிக்கத் தொடங்கியதாகவும் அதைத் தொடர்ந்து வருவதாகவும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். 'எல்லாம் அந்த ஒரே வருஷத்தில் அடித்தவை' என்று யாரும் வாதாடவில்லை. 1677இல் மன்னரின் மனத்தைக் குளிர்விக்கப் பத்துப் பீப்பாய் கிரான்பெரிப் பழமும், இரண்டு பெரிய மிடா சோளக் குறுணையும், மூவாயிரம் காட் மீனும் அனுப்பிவைக்க பொது மன்றம் முடிவுசெய்தது. பட்டறையோ வேலையை நிறுத்தவில்லை, 1682இல் ஒப்பந்தம் முடியும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதே வரிசையில் இன்னொரு கதையும் உண்டு. நோவா ஸ்கோஷியாவின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் டெம்பிள் இரண்டாம் சார்லஸிடம் ஒரு காசைக் காட்டியபோது மன்னர் கோபப்பட்டாராம். அதற்கு டெம்பிள், இது தங்களைக் காப்பாற்றிய ஓக் மரம் என்றாராம். 1651இல் வூஸ்டர் போரில் தோற்றபின் சார்லஸ் பாஸ்கோபெல் என்ற இடத்தில் ஓர் ஓக் மரத்தில் ஒளிந்திருந்தது உண்மை. மன்னர் சிரித்துவிட்டாராம். அழகான கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அச்சில் வந்தது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. இதை ஆதாரமாக வைத்து எதையும் கட்டமுடியாது.

இரண்டு பென்னி சொன்ன சாட்சி

உண்மையில் வழக்கைத் திருப்பியது ஒரு சின்னக் காசு. 1662 மே மாதம் பொது மன்றம் சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க இரண்டு பென்னிக் காசு அடிக்க உத்தரவு போட்டது. ஓக் மரம் போட்ட அந்தக் காசு விரல் நுனியில் அடங்கிவிடும். அதன் மேலுள்ள ஆண்டு 1662.

மாசசூசெட்ஸ் வெள்ளியில் 1652 அல்லாத வேறு ஆண்டு உள்ளது இது ஒன்றுதான். மன்னர் அரியணை ஏறி இரண்டு வருஷம் ஆன பிறகு, அதுவும் மன்னருக்குப் பயந்து பழைய ஆண்டைப் போடுகிறார்கள் என்று நாம் நம்பும் அதே பட்டறையில், 1662 என்று பளிச்சென்று வெட்டியிருக்கிறார்கள். பயந்தவர்கள் செய்யும் காரியமா இது? அந்த எண்ணே வாக்குமூலம் ஆகிவிடும்.

இன்னும் பார்க்கவேண்டியது, அந்த உத்தரவு ஏழு வருஷத்துக்கானது. முதல் வருஷம் அதிகமாகவும் பிறகு வருஷாவருஷம் குறிப்பிட்ட பங்கும் இரண்டு பென்னியாக அடிக்கவேண்டும். ஆனால் கிடைத்திருக்கும் இரண்டு பென்னி எல்லாவற்றிலும் 1662தான். ஷில்லிங்கில் நடந்ததேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. 1652இன் சட்டத்தால் பிறந்த ஷில்லிங்கும் ஆறு பென்னியும் மூன்று பென்னியும் எப்போது அடித்தாலும் 1652. 1662இன் சட்டத்தால் பிறந்த இரண்டு பென்னி எப்போது அடித்தாலும் 1662. ஆக, காசிலுள்ளது அதற்கு அனுமதி கொடுத்த சட்டத்தின் ஆண்டு. வெள்ளியை அடித்த நாளோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. நான் வந்து சேர்ந்த முடிவு இது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அக்டோபர் 1652 உத்தரவு 'ஆண்டவரின் ஆண்டு' போடவேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அதை 'நடப்பு ஆண்டு' என்றும் வாசிக்கலாம், 'இந்த ஆண்டு' என்றும் வாசிக்கலாம். அச்சுகள் தேயத் தேய ஹல்லின் ஆட்கள் புதிதாக வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். மரம் மாறியது, எழுத்தின் வடிவம் மாறியது. எண்ணை மாற்ற ஒரு நொடி கூடுதலாக ஆகியிருக்காது. மாற்றவில்லை என்றால் மாற்றக்கூடாது என்றே நினைத்திருக்கிறார்கள். 1660க்குப் பிறகு அந்தப் பழைய எண் அவர்களுக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. வசதியாக இருந்தது என்பதும் அதற்காகவே போட்டார்கள் என்பதும் ஒன்றல்ல.

ஆண்டை உறையவைப்பது அப்படியொன்றும் அதிசயமும் இல்லை. ஆஸ்திரியாவின் மரியா தெரேசா வெள்ளிக்காசு அவர் இறந்த 1780ஆம் ஆண்டைத் தாங்கி இருபதாம் நூற்றாண்டிலும் அடிக்கப்பட்டது. அமெரிக்காவிலேயே 1964 என்று போட்ட வெள்ளிக்காசுகளை 1965லும் அடித்தார்கள். நண்பருக்கு நான் காட்டிய உதாரணம் வேறு. எங்கள் தாத்தா வைத்திருந்த ஆற்காடு ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நாணயச்சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்திரத்தில் அடித்தது. அதன்மேல் இருப்பதோ முகலாயர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172ஆம் ஆண்டும். நம் கணக்கில் அது 1758-59. அந்த மன்னர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பழகிய பெயரும் பழகிய எண்ணும் இருந்தால்தான் கடைத்தெருவில் காசைக் கைநீட்டி வாங்கினார்கள். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நண்பருக்கு விஷயம் மனத்தில் இறங்கியது.

கடைத்தெருவின் கண்ணால் பார்த்தால் ஷில்லிங்குக்கும் இது பொருந்துகிறது. 1711இல் கனடாவின் கேப் பிரெட்டன் தீவு அருகே மூழ்கிய ஃபெவர்ஷாம் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து பின்னாளில் எடுத்த காசுகளில் மாசசூசெட்ஸ் வெள்ளி ஏராளம். பட்டறை மூடி முப்பது வருஷம் ஆகப்போகும் நேரத்திலும் இந்தக் காசுகள் வேற்று நாட்டு வெள்ளியோடு கலந்து புழங்கியிருக்கின்றன. மெய்ன் மாநிலத்தின் காஸ்டீன் அருகே 1840-41இல் ஒரு விவசாயியும் மகனும் மண்ணில் கண்டெடுத்த புதையலிலும் ஸ்பானியக் காசுகளுக்கு நடுவே பைன் மர ஷில்லிங்குகள் இருந்தன. வாங்குகிறவர் ஆண்டைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார், ஓரம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார், சந்தேகம் வந்தால் தராசில் வைத்தார்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை

இதனால் காசின் மதிப்பு குறைந்துவிட்டதா என்று நண்பர் கேட்டார். குறையவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சிறுவில்லைப் பைன் என்றால் 1675க்குப் பிந்தியது என்று தெரிந்தேதான் விலை சொல்கிறார்கள். நிஜமாகவே 1652இல் அடித்த அந்த மொட்டைக் காசு வேண்டுமென்றால் அது வேறு உலகம். அதில் சுமார் நாற்பதுதான் இன்று அறியப்பட்டவை. 2021 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஒன்று 2,64,000 பவுண்டுக்குப் போனது. இங்கிலாந்தின் பழைய குடும்பம் ஒன்றின் வீட்டில், மிட்டாய் டப்பா ஒன்றில் நூற்றுக்கணக்கான பழங்காசுகளோடு சேர்ந்து கிடந்தது அது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் நியூ இங்கிலாந்தில் ஆரம்பத்தில் குடியேறியவர்களில் ஒருவர்.

நண்பருக்கு நான் சொன்ன குறை, ஓரத்தில் இருந்த அந்த நறுக்கு மட்டும்தான். அவர் கொடுத்த விலையில் அந்த நறுக்குக்குக் கழிவே தரப்படவில்லை. அடுத்தமுறை வாங்குமுன் தராசில் வைத்துவிட்டுத்தான் விலை பேசவேண்டும் என்று சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாஸ்டனில் கிரானரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜான் ஹல் 1683 அக்டோபர் முதல் நாள் இறந்தார், அங்கேதான் அடக்கம். அவர் மகள் ஹன்னா 1676இல் சாமுவேல் சூவலை மணந்தபோது, தராசின் ஒரு தட்டில் பெண்ணை நிற்கவைத்து மறுதட்டில் பைன் மர ஷில்லிங்குகளைக் கொட்டிச் சீதனம் கொடுத்ததாக இங்கே குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். சீதனம் 500 பவுண்டு என்பது உண்மை. கல்லறை வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டோம். 500 பவுண்டுக்கு 10,000 ஷில்லிங். ஒவ்வொன்றும் 4.67 கிராம் என்றால் 46.7 கிலோ. ஒரு பெண்ணின் எடைக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்று ஓரளவு புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நண்பர் புது உறை ஒன்றை எடுத்தார். பழைய உறையைத் தூக்கிப்போடவில்லை, காசின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி என்று உள்ளே மடித்து வைத்தார். புதியதில் மையால் எழுதினார்: 'பைன் மர ஷில்லிங், சிறுவில்லை. சட்ட ஆண்டு 1652. அடித்தது 1675-82. எடை 4.41 கிராம். இடப்பக்கம் மேலே நறுக்கு.' நோ எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார். மரத்தின் மூன்றாவது கிளையை அவர் ஒருவிதமாக எண்ணுகிறார், நான் ஒருவிதமாக எண்ணுகிறேன். வரும் சனிக்கிழமை இன்னும் நல்ல லென்ஸ் ஒன்றோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.